செவ்வாய்க்கிழமை வைரஸ்

அத்தியாயம் ஐந்து

எங்கள் துப்பறியும் நிலையத்துக்கு ஓடிப்போன மாப்பிள்ளையைத் தேடி வந்திருக்கிறார்கள், காணாமல்போன கறவை மாட்டைத் தேடியும் வந்திருக்கிறார்கள். கள்ளனைக் கையோடு போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தவர் முட்டம் மத்தியாஸ் அண்ணாச்சி ஒருவர்தான்.

"இதுக்குள்ள ஒரு கள்ளன் இருக்கான் மேடம்," என்று சொல்லிக்கொண்டே அவர் பூப்போட்ட போர்வையைப் பிரித்தார். உள்ளே வீட்டுக் கம்ப்யூட்டரின் சிபியு. அதன் நெற்றியில் ஒரு சின்ன செபமாலை தொங்கியது.

"செபமாலைதான் ஆன்டி வைரஸா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"அது எனக்க பெண்டாட்டி கட்டினது. எனக்கு இந்த நேர்ச்சை, நவநாளு, இதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் இருபத்திரண்டு வருசம் மஸ்கட்டுல கிரேன் ஓட்டினவனாக்கும்."

கிரேன் ஓட்டுகிறவர்கள் ஏற்கெனவே பாதி தூரம் வானத்தில் இருப்பதால் தனியாகச் செபம் தேவைப்படாது போலிருக்கிறது. நான் அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நேசபாய் மேடம் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

நேசபாய் மேடத்தைப் பற்றி இரண்டு வரி. பதினெட்டு வருடம் தபால் பிரிக்கும் வேலையில் இருந்தவர். கோழிக் கிறுக்கலில் எழுதிய முகவரியையும் மழையில் கரைந்த முகவரியையும் படித்துச் சரியான வீட்டுக்கு அனுப்பிவைத்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கருங்கல் சந்தைத் தெருவில் ஒரு பேக்கரியின் மாடியில் இந்த நிலையத்தைத் தொடங்கினார். நான் சிஜின். அவருடைய உதவியாளன், டிரைவர், கம்ப்யூட்டர் நிபுணன். பேக்கரியில் பப்ஸ் சூடாக இறங்கினால் முதலில் கண்டுபிடிப்பவனும் நான்தான். 2008-இல் எங்கள் நிலையத்தில் உண்மையாகவே உருப்படியாக நடந்த விசாரணை அது ஒன்றுதான்.

"முதல்ல இருந்து சொல்லுங்க அண்ணாச்சி," என்றார் மேடம்.

அவர் சொன்னது இது. மகன் பிரைட்டனும் இப்போது மஸ்கட்டில். ஒவ்வொரு வெள்ளிக்கிழமை லீவிலும் அப்பாவுக்கு மெயில் போடுவான். அப்பாவும் மகள் அஜிதாவும் மட்டும் படிப்பார்கள். ஆனால் இரண்டு வாரமாக அந்த மெயிலில் இருப்பது முட்டத்தில் மீன் ஏலம் போடுகிற இடத்தில் பேச்சாக அடிபடுகிறது.

"யாரு மேல சந்தேகம்?"

"சந்தேகம் ஒண்ணும் இல்ல. உறுதிதான். ஜெனோ."

ஜெனோ எங்கள் தெருவிலேயே கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். அண்ணாச்சிக்குக் கம்ப்யூட்டர் விற்றது அவன், மெயில் திறந்து கொடுத்தது அவன், ஆன்டி வைரஸும் ஃபயர்வாலும் போட்டது அவன். போதாததற்கு அஜிதாவைக் கட்டிக்கொள்ளப் போகிறவனும் அவனே.

"வாற ஞாயிற்றுக்கிழமை கோயில்ல முதல் ஓலை," என்றார் அண்ணாச்சி. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்கும் அந்த அறிவிப்புக்குத்தான் அங்கே ஓலை என்று பெயர். "அதுக்கு முன்ன எனக்கு ஒரு சாட்சி வேணும். கிடைச்சா பாதர்ட்ட சொல்லி ஓலைய நிறுத்திருவேன். கூடவே அவன் போட்டதையெல்லாம் கழத்தி எறிஞ்சிட்டு வேற எந்த ஆன்டி வைரஸ் போடணும், எந்த ஃபயர்வாலு போடணும்னு நீங்களே சொல்லணும். அவன் போட்டதுல வாலு மட்டும்தான் இருக்கு, தலை எங்கன்னு தெரியல்ல."

"தலை ஜெனோ கடையில இருக்குன்னு சொல்ல வாறிய," என்றேன்.

"அதேதான்!" என்றார் அவர். நான் கிண்டல் செய்தது அவருக்குப் புரியவில்லை.

சிபியுவை எங்கள் மானிட்டரில் மாட்டி ஓடவிட்டேன். திரை வெளிச்சமாகிப் படம் விழுவதற்குள் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் அது யோசித்துக்கொண்டுதான் இருந்தது. கடைசியில் கீழ் ஓரத்தில் வரிசையாக மூன்று படங்கள் வந்து உட்கார்ந்தன.

"அண்ணாச்சி, இதுல மூணு ஆன்டி வைரஸ் இருக்கு!"

"ஒண்ணு ஜெனோ போட்டது. அவனைக் கவனிக்க சந்தையில ஒரு சிடி வாங்கிப் போட்டேன். பிறகு அந்த சிடிக்காரனை நம்பலாமான்னு தோணிச்சு. அதைக் கவனிக்க சும்மா கிடைக்கது ஒண்ணையும் இறக்கினேன்."

"நாலாவது?"

"பாத்துட்டிருக்கேன்."

ஒரே வாசலில் மூன்று காவல்காரர்களை நிறுத்தினால் கள்ளன் வருவதற்கு முன்னால் அவர்களுக்குள்ளேயே கைகலப்பு வந்துவிடும். அண்ணாச்சியின் கம்ப்யூட்டருக்குள் அதுதான் நடந்துகொண்டிருந்தது. ஒன்று திறக்கிற ஃபைலை இன்னொன்று பிடித்து நிறுத்தியது, அதை மூன்றாவது சந்தேகப்பட்டது. இவ்வளவு ரகளையில் மெயில் திறப்பதே பெரிய காரியம்.

அண்ணாச்சி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றாகப் போகிறது. "கிழங்கு வாங்கணும் மேடம், போயிட்டு வாறேன். மக்கா, ஒரு பேனா தருவியா?"

"கிழங்கு வாங்க பேனா எதுக்கு அண்ணாச்சி?"

"லிஸ்டு எழுத."

ஒரே ஒரு சாமானுக்கு லிஸ்ட் எழுதும் மனிதரை அன்றுதான் பார்த்தேன். என் பச்சை மைப் பேனாவைக் கொடுத்தேன். பச்சை மையில் கையெழுத்துப் போடும் பதவி எனக்குக் கிடைக்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகு நானே வாங்கி வைத்துக்கொண்ட பேனா அது. சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு அவர் படியிறங்கினார்.

அவர் தலை மறைந்ததும் பேக்கரி வாசலில் நின்றிருந்த பெண் மேலே ஓடி வந்தாள். அஜிதா. அழுது முடித்த முகம்.

"ஆன்ட்டி, ஜெனோ அப்படிச் செய்யுற ஆளே இல்ல. அப்பா ஒரு தடவை ஓலைய நிறுத்தினா பிறகு அது முடிஞ்ச கதைதான். எங்க ஊருல நிறுத்தின ஓலைய யாரும் திரும்ப வாசிக்க மாட்டாங்க. நாலு வருசமா அப்பாவைச் சம்மதிக்க வைச்சோம் ஆன்ட்டி."

"இரு மக்களே. அழுகைய பொறவு வச்சுக்கிடலாம். ஊருல என்ன பேசினாங்க? அதே வார்த்தைய சொல்லு."

அஜிதா விரல் விட்டுச் சொன்னாள். "முதல் தடவை, மீன் விக்கப் போற அக்காமாரு அம்மாகிட்ட, 'பிரைட்டனுக்கு அங்க ஒரு வழியும் இல்லியாமே, நாங்க செபிக்கோம்'னு சொன்னாங்க. அடுத்த வாரம், 'வேலைய விட்டுட்டு வாறானாமே, அதுக்கும் செபிக்கோம்'னாங்க."

"என்னைக்கு?"

"ரெண்டு தடவையும் புதன்கிழமை காலையில."

"மெயில் வந்தது வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு, திங்கள், ஒருத்தருக்கும் தெரியல்ல. புதன்கிழமை ஊருக்கே தெரியுது. அப்ப செவ்வாய்க்கிழமை என்னமோ நடக்கு," என்றார் மேடம்.

"செவ்வாய்க்கிழமை மட்டும் டூட்டிக்கு வாற வைரஸ் மேடம். மத்த நாளெல்லாம் லீவு," என்றேன்.

சிரிக்காமல் அவர் திரைக்கு முன் உட்கார்ந்தார். மெயில்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இறங்கியிருந்தன. பிரைட்டன் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிறவன், அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததைப்போல. மேடம் முதல் மெயிலிலிருந்து ஒரு வரியை ஒரு துண்டுத் தாளில் அப்படியே எழுதி எடுத்துக்கொண்டார். இரண்டாவது மெயிலை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்தார். "வேலைய விட்டுட்டு வந்துரலாம்னு நினைச்சேன்" என்று அது தொடங்கியது. கீழே போகப் போக, மேனேஜர் லீவு தருகிறேன் என்று சொன்னதும், கல்யாணத்துக்கு மட்டும் வந்து போகிறேன் என்பதும் இருந்தது.

"இந்த அடிப்பாகம் ஊருல யாருக்காவது தெரியுமா?"

"இல்ல ஆன்ட்டி."

"ஊர்ப் பேச்சு எப்பவும் பாதிதான மேடம்," என்றேன் நான்.

"இந்த வாரத்து மெயில்?"

அஜிதா தலையைக் குனிந்துகொண்டாள். "அதுதான் ஆன்ட்டி பயமா இருக்கு. அப்பா ஜெனோவைப் பத்தி அண்ணனுக்கு மோசமா எழுதியிருக்காரு. அண்ணன் பதில் எழுதும்போது அப்பா எழுதினதையே முதல்ல எடுத்துப் போட்டிருக்கான். 'அப்பா, ஜெனோ ஒரு கள்ளன், அவனை வீட்டுக்குள்ள ஏத்தக் கூடாது' அப்படின்னு தொடங்குது. பிறகுதான் அப்பாவைத் திட்டுறான். முதல் வரி மட்டும் வெளிய போச்சுன்னா ஜெனோவுக்க அம்மாவே இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லிருவாங்க."

"அந்த மெயிலை அப்பா எப்படிப் படிச்சாரு?"

"அவருக்குத் திரையில படிக்க கண்ணு கூசும். எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்துப் படிச்சிட்டு, மடக்கிச் சட்டைப் பையில வச்சுக்கிடுவாரு."

மேடம் எழுந்தார். "சிஜின், கம்ப்யூட்டரைத் தூக்கு. ஜெனோ கடைக்குப் போறோம்."

படியிறங்கும்போது அந்தத் துண்டுத் தாளை என்னிடம் நீட்டினார். "இதை வாசி."

Inga enakku oru vali-yum illai, appa.

"இங்க எனக்கு ஒரு வழியும் இல்ல, அப்பா. ஐயோ பாவம். ஊரு சொன்னது அப்படியே சரியா இருக்கு மேடம். ஆளு மெயிலைப் பாத்துதான் சொல்லியிருக்கான். ஜெனோதான்!"

"ம்," என்றார் மேடம். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஒரு தவறான வீட்டுக்குத் தபால் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டதைப்போல இருந்தது.

போர்வையில் சுற்றிய சிபியுவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சந்தைத் தெருவில் நடந்தேன். எதிரே வந்த ஒரு பாட்டி, "பிள்ளைக்குக் காய்ச்சலா மக்கா?" என்று கேட்டார். "வைரஸ் காய்ச்சல் பாட்டி," என்றேன். பொய் சொல்லவில்லை.

ஜெனோவின் கடையில் நுழைந்ததும் என் கண் சுவரில் போய் நின்றது. ஒட்டியிருந்த மஞ்சள் காகிதங்களில் ஒன்று: மத்தியாஸ் மாமா, மெயில், பாஸ்வேர்டு. எல்லாம் முத்து முத்தான எழுத்தில்.

"மேடம்!" என்று கிசுகிசுத்தேன். "சாட்சி சுவருலயே தொங்குது!"

ஜெனோ திரும்பிப் பார்த்தான். ஒல்லியான பையன், கையில் ஸ்க்ரூ டிரைவர். "அதா அண்ணே? மாமா வாரத்துக்கு நாலு தடவை பாஸ்வேர்ட மறந்துட்டு விளிப்பாரு. தேடச் சோம்பல்பட்டு ஒட்டி வச்சேன். ஒட்டியிருக்கக் கூடாது, தப்புதான்."

"அதைப் போட்டு மெயிலைத் திறந்தியா?" என்றார் மேடம்.

"இல்ல ஆன்ட்டி. அவசியம் இல்ல. மாமா அனுப்புற மெயிலை பிரைட்டன் எனக்கு போன்ல வாசிச்சே காட்டுவான், சிரிக்கதுக்கு." சொன்ன பிறகு சிரிப்பு வற்றிப்போய், "இந்த வாரம் மட்டும் வாசிக்கல்ல. கேட்டா ஒண்ணும் இல்லன்னுட்டான்," என்றான்.

மேடம் போர்வையைப் பிரிக்கச் சொல்லி எனக்குக் கை காட்டினார்.

ஜெனோ சிபியுவை மாட்டி ஃபயர்வாலின் பதிவைத் திறந்தான். படிக்கப் படிக்க அவன் தலை ஆடிக்கொண்டே இருந்தது.

"ஆன்ட்டி, உள்ள வாறது, வெளிய போறது எல்லாத்துக்கும் இது மாமாகிட்ட கேக்கும், விடவா வேண்டாமான்னு. அவரு மெயிலைத் தவிர அத்தனைக்கும் வேண்டாம்னு அமுக்கியிருக்காரு. ஆன்டி வைரஸுக்க அப்டேட்டுக்கும் வேண்டாம். ரெண்டு மாசமா ஒரு அப்டேட்டும் வரல்ல. புது வைரஸ் வந்தா இதுக்குத் தெரியாது. ஆனா ஒரு கள்ளனும் வரல்ல. வரணும்னா அவனும் மாமாகிட்ட கேட்டுத்தான் வரணும்."

"அதாவது, கம்பி வழியா ஒண்ணும் வெளிய போகல்ல."

"போகல்ல."

"அது நீ சொல்லுற பதிவு," என்றேன் நான். உதவியாளன் என்றால் சந்தேகப்படவும் வேண்டும் அல்லவா.

மேடம் துண்டுத் தாளை மேசையில் வைத்தார். "ஜெனோ, இதை வாசி."

அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இங்க எனக்கு ஒரு வலியும் இல்ல, அப்பா. பல்லு புடுங்கினானே, அதைச் சொல்லுகான்."

நான் வாயைப் பிளந்தேன். "வலியா? வழி இல்லியா?"

"அவன் கடைவாய்ப் பல்லு எடுத்தது எங்க எல்லாருக்கும் தெரியுமே அண்ணே. வீட்டுல எல்லாரும் கேட்டிருந்தாங்க, வலிக்குதா வலிக்குதான்னு."

மேடம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். தபால் சரியான பெட்டியில் விழுந்தபோது அந்தக் காலத்தில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

"சிஜின், நம்ம ஊருல சின்னப் பிள்ளைகூட வழியையும் வலியையும் வாயில மாத்திச் சொல்லாது. நம்ம நாக்குல ழ அவ்வளவு தெளிவு. அப்ப இந்தச் செய்தி காதால கேட்டுப் பரவினது இல்ல. ஒருத்தர் இங்கிலீஷ் எழுத்துல இருந்ததைப் பாத்து வாசிச்சிருக்காரு. பல்லு புடுங்கின கதை தெரியாததுனால வழின்னு வாசிச்சிட்டாரு. உன்னைப் போலவே. ஜெனோன்னா அந்தத் தப்பு வந்திருக்காது."

ஜெனோ என்னைப் பார்த்தான். நான் சுவரிலிருந்த மஞ்சள் காகிதத்தைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது.

"ரெண்டாவது," என்றார் மேடம், "கம்ப்யூட்டர்ல களவெடுக்கிறவன் மெயிலை முழுசா எடுப்பான். மேல் பாதியை மட்டும் எடுத்துட்டு கீழ்ப் பாதியை விட்டுட்டுப் போக மாட்டான். பாதி எங்க உண்டு? கிழிச்ச தாள்லதான் உண்டு. பிரிண்ட் எடுத்தா மெயிலுக்க தலையில யாருக்கு, யாருகிட்ட இருந்துன்னு பேரும் விழும். மேல் பாதி கையில கிடைச்சா யாரு வீட்டு விசயம்னு ஊருக்கே விளங்கிரும்."

"அப்ப செவ்வாய்க்கிழமை?" என்றேன்.

அந்த நேரத்தில் சந்தைக்குப் பின்னாலிருந்து மணி அடித்தது. மேடம் நிமிர்ந்தார். "ஜெனோ, அது என்ன மணி?"

"அந்தோனியார் குருசடி ஆன்ட்டி. இன்னைக்குச் செவ்வாய் இல்லியா? பன்னிரண்டு மணிக்கு நவநாள். சந்தைக்கு வாற ஆளுக எல்லாரும் போவாங்க, முட்டத்துல இருந்து மீன் கொண்டு வாற அக்காமாரும்தான். எழுதிப் போட்ட விண்ணப்பங்களை உபதேசியாரு வாசிப்பாரு, எல்லாரும் சேந்து செபிப்பாங்க."

நானும் மேடமும் வேறு சபைக்காரர்கள். பத்து வருடமாக அந்த மணியைக் கேட்டு, சாப்பாட்டு நேரம் ஆயிற்று என்று மட்டும் நினைத்திருக்கிறோம்.

"விண்ணப்பம் எதுல எழுதுவாங்க?"

"கையில கிடைச்ச தாள்லதான்."

மேடம் என் பக்கம் திரும்பினார். "சிஜின், உன் பேனா எங்க?"

"மத்தியாஸ் அண்ணாச்சி..." என்று தொடங்கி நின்றேன். நேர்ச்சையிலும் நவநாளிலும் நம்பிக்கை இல்லாத மத்தியாஸ் அண்ணாச்சி. ஒரே ஒரு சாமானுக்கு லிஸ்ட் எழுதும் மத்தியாஸ் அண்ணாச்சி. சட்டைப் பையைத் தடவிக்கொண்டு போன மத்தியாஸ் அண்ணாச்சி. சட்டைப் பையில் இருந்தது, ஜெனோ ஒரு கள்ளன் என்று தொடங்கும் தாள்.

"ஓடு!" என்றார் மேடம்.

ஓடினோம். ஜெனோ ஏன் ஓடுகிறோம் என்று தெரியாமலே கடையைத் திறந்து போட்டுவிட்டு எங்களுக்கு முன்னால் ஓடினான்.

குருசடி என்கிற அந்தச் சின்னக் கோயிலில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். வாசலில் மீன் கடவங்கள் வரிசையாக இருந்தன, காலி ஓலைக் கூடைகளைச் சுற்றி ஈக்கள் மொய்த்தன. உபதேசியார் ஜேசுதாஸ் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று பெட்டியிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து வாசித்துக்கொண்டிருந்தார். பரீட்சை, பிரசவம், காணாமல்போன மோதிரம். நாங்கள் நுழைந்தபோது அவர் கையிலிருந்த தாளின் எழுத்து வாசலிலிருந்தே தெரிந்தது. பச்சை மை.

"பதுவை அந்தோனியாரே, காணாமல் போனதையெல்லாம் கண்டுபிடித்துத் தருகிறவரே," என்று அவர் கணீரென்று வாசித்தார். "என் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து கடிதம் களவெடுக்கிறவனை இன்றைக்கே என் முன்னால் நிறுத்தித் தாரும். இப்படிக்கு, பெயர் சொல்ல விரும்பாத ஒரு தகப்பன்."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றது கூட்டம்.

உபதேசியார் தாளைத் திருப்பினார். "மறுபக்கமும் ஒரு விண்ணப்பம் உண்டு. இங்கிலீஷ் எழுத்துல தமிழ். போன ரெண்டு வாரமும் வந்ததைப் போல." கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "பெறுநர், மத்தியாஸ், முட்டம்..."

மீன் விற்கும் அக்காமார் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். நான் முன்னால் பாயப் போனேன். மேடம் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பொறு. அவரு இஞ்சதான் இருக்காரு," என்றார் கடைசித் தூணைப் பார்த்தபடி.

"மேடம், ஜெனோ பேரு வரப்போகுது!"

"அதான் சொல்லுதேன், பொறு."

"அப்பா," என்று வாசித்தார் உபதேசியார், "ஜெனோ ஒரு கள்..."

"நிறுத்தும் உபதேசியாரே!"

கடைசித் தூணுக்குப் பின்னால், தலையில் துவர்த்துத் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, கையில் கிழங்குப் பையோடு ஓர் ஆள். துவர்த்து கீழே விழுந்தது.

"மத்தியாஸ் அண்ணனா அது?" என்றாள் முன்வரிசையிலிருந்த ஓர் அக்கா. அடுத்தவள் அதைவிட முக்கியமானதைப் பிடித்துக்கொண்டாள். "ஜெனோ ஒரு கள்ளா? அந்தப் பையன் கள்ளு குடிக்குமா?"

வாசலில் நின்ற ஜெனோவின் முகம் வெளுத்துவிட்டது. அண்ணாச்சி அதைப் பார்த்தார். மூன்று மணி பஸ்ஸில் இந்த அக்காமார் ஊருக்குத் திரும்புவார்கள், நான்கு மணிக்கு ஜெனோவின் அம்மா காதில் இது விழும். அது அவருக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். என்ன செய்யலாம் என்று யோசிக்கக்கூட நேரமில்லை. அவர் மெல்ல நடந்து முன்னால் வந்தார். உபதேசியார் கையிலிருந்த தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் அவருடைய பச்சை எழுத்து. மறுபக்கம் அவருடைய மகனின் கடிதம்.

"எனக்க ஊருக் கோயில்ல போட்டா எழுத்தைப் பாத்துக் கண்டுபிடிச்சிருவாங்கன்னு இஞ்ச வந்தேன்," என்றார் யாரையும் பார்க்காமல். "கம்ப்யூட்டர் வந்த பிறகு வீட்டுல வேற தாளு இல்ல. பின்பக்கம் சும்மாதான கிடக்குதுன்னு பாதியாக் கிழிச்சு எழுதினேன், முதல்ல மகளுக்க கல்யாணத்துக்கு, பொறவு கள்ளனைப் பிடிக்க. போன ரெண்டு தடவையும் பெட்டியில போட்டதும் போயிட்டேன், இன்னைக்குத்தான் நின்னேன்."

"நான் மகன் அங்க இருந்து அனுப்பின விண்ணப்பம்னு நினைச்சேன் அண்ணே," என்றார் உபதேசியார் பாவமாக. "வழி இல்லன்னு எழுதியிருந்தது. நாங்க எல்லாரும் உருக்கமா செபிச்சோம்."

"பல்லுவலிக்கு," என்றேன் நான்.

அண்ணாச்சி சட்டைப் பைக்குள் கையை விட்டு மீதிப் பாதியை எடுத்தார். இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்தார். பிறகு கிரேன் மேலிருந்து கீழே நிற்பவனுக்குக் கேட்கச் சொல்லும் குரலில் வாசித்தார்.

"ஜெனோ ஒரு கள்ளன், அவனை வீட்டுக்குள்ள ஏத்தக் கூடாதுன்னு நான்தான் எழுதினேன். இனி எனக்க மகன் எழுதினதைக் கேளுங்க. 'இப்படி எழுத உங்களுக்கு எப்படிப்பா மனசு வந்துச்சு? எனக்கு விசா சரியாகாம வெக்கப்பட்டு வீட்டுக்குள்ள கிடந்தப்ப என்னை விளிச்சிட்டுப் போயி கடையில உக்கார வச்சு வேலை படிப்பிச்சது அவன். நீங்க அவனுக்குப் பாஸ்வேர்டு குடுத்ததுல தப்பில்ல. அஜிதாவைக் குடுக்கதுலயும் தப்பில்ல.'"

முடித்ததும் தாளை மடக்கினார். "கள்ளனைக் காட்டித் தாரும்னு கேட்டேன். காட்டித் தந்துட்டாரு," என்றார்.

முன்வரிசை அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெனோ வந்து கீழே கிடந்த துவர்த்தை எடுத்து உதறி அவர் தோளில் போட்டான். "கிழங்குப் பையைத் தாருங்க மாமா," என்று அதையும் வாங்கிக்கொண்டான். நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் குறைந்தது மூன்று வருடத்துக்குச் சொல்லிக் காட்டியிருப்பேன்.

ஒரு மணிக்கு எல்லாரும் எங்கள் மாடியில் இருந்தோம். நடந்ததைக் கேட்ட அஜிதா முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு அப்பாவைப் பார்த்து மறுபடியும் சிரித்தாள். ஜெனோ சிடியில் வந்ததையும் சும்மா இறக்கியதையும் நீக்கினான். ரெண்டு மாசப் பாக்கி அப்டேட் இறங்க ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்து நின்றது.

"அப்ப எந்த ஆன்டி வைரஸ் போடணும் மேடம்?" என்றார் அண்ணாச்சி. கேட்க வந்ததை அவர் மறக்கவில்லை.

"ஒண்ணு போதும். எதுவா இருந்தாலும் தினமும் அப்டேட் வரணும், அவ்வளவுதான். ஜெனோ போட்டதுக்கு ஒரு குறையும் இல்ல. ஃபயர்வாலு கேள்வி கேட்டா வாசிச்சிட்டுப் பதில் சொல்லுங்க, வாசிக்காம வேண்டாம்னு அமுக்காதீங்க. ஜெனோ, நீ அந்த மஞ்சத் தாளைச் சுவருல இருந்து கிழிச்சு எறி."

"எறிஞ்சாச்சு ஆன்ட்டி."

அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். "ஞாயிற்றுக்கிழமை ஓலை..."

"உங்க ஓலை மூணு செவ்வாயும் வாசிச்சு முடிஞ்சாச்சு அண்ணாச்சி," என்றார் மேடம். "இனி பிள்ளைகளுக்க ஓலைய வாசிக்கட்டும்."

அவர் தலையாட்டினார். பிறகு என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத மாதிரி எல்லாருக்கும் கேட்க, "மக்கா, அந்தோனியாருக்கு ஒரு நன்றி எழுதிப் போடணும். ஒரு தாளு தருவியா?" என்றார்.

புதுத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கித் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இன்னொரு தடவை பார்த்தார். ஒன்றுமில்லை என்று திருப்தியான பிறகுதான் என் பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.